வள்ளி என்ற பெயர்: கொடியும் கிழங்கும் குறமகளும்

ஒரு தம்பதி, பிறந்திருக்கும் மகளுக்கு வள்ளி என்று பெயர் வைக்க ஆசைப்படுகிறார்கள். பெயர்ப் பட்டியல்களில் பார்த்தால் 'கொடி போன்றவள்' என்று ஒரே வரியில் பொருள் முடிந்துவிடுகிறது. உறவில் ஒருவர் அது வடமொழிப் பெயர் என்கிறார். இன்னொருவர் முருகனின் மனைவி பெயர், அதற்குமேல் என்ன இருக்கிறது என்கிறார். பாட்டி காலத்துப் பெயர் என்ற தயக்கமும் வீட்டில் இருக்கிறது. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, முழுப் பொருள் என்ன, இப்போது வைக்கலாமா என்பதுதான் அவர்கள் கேள்வி.

தாராளமாக வைக்கலாம். வள்ளி தமிழ் நிலத்தின் மலையில் பிறந்த பெயர். கொடி என்பது அதன் பாதிப் பொருள்தான். மீதிப் பாதி மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. அந்தப் பாதியை விட்டுவிட்டால் பெயரின் உயிரே போய்விடும் என்பது என் எண்ணம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

புறநானூற்றின் 109ஆவது பாட்டில் கபிலர் பாரியின் பறம்பு மலையைப் பாடுகிறார். மூவேந்தரும் மலையைச் சூழ்ந்து முற்றுகை இட்டிருக்கும் நேரம். வெளியிலிருந்து உணவு வராவிட்டால் மலை பணிந்துவிடும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். கபிலர் அவர்களைப் பார்த்து, இந்த மலைக்கு உழவர் உழாமலே கிடைக்கும் பயன்கள் நான்கு உண்டு என்கிறார். மூங்கிலில் விளையும் நெல் ஒன்று. பலாப்பழம் இரண்டாவது. மூன்றாவது, 'கொழுங்கொடி வள்ளிக் கிழங்கு வீழ்க்கும்மே'. நான்காவது தேன். முற்றுகையிலும் ஒரு மக்கள் கூட்டத்தைப் பட்டினி கிடக்க விடாமல் காப்பாற்றும் நான்கு உணவுகளில் ஒன்று வள்ளி. அன்றைக்கு ஒரு குறவர் வீட்டில் வள்ளி என்று சொன்னால் மெல்லிய இடை நினைவுக்கு வருவதற்கு முன் சோறு நினைவுக்கு வந்திருக்கும். கொடியை மெலிந்த இடைக்கு உவமையாக்கியது புலவர் மரபு. அதுவும் அழகுதான். ஆனால் அந்தக் கொடிக்கு மலைமக்கள் கொடுத்த மதிப்பு, அது மண்ணுக்குள் சேர்த்து வைத்த உணவுக்காக.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இன்று வள்ளிக்கிழங்கு என்றால் பலருக்குச் சர்க்கரைவள்ளிதான் தோன்றும், சிலருக்கு மரவள்ளி. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஐரோப்பியர் கடல்வழி வந்த பிறகு நம் மண்ணுக்கு வந்தவை. புதிதாக வந்த கிழங்குகளுக்கு நம்மவர்கள் ஏற்கெனவே கையில் இருந்த பெயரையே நீட்டி வைத்தார்கள்: இனிப்பாக இருந்தது சர்க்கரைவள்ளி, மரம்போல் நின்றது மரவள்ளி. மரவள்ளி கொடியே இல்லை, இருந்தும் வள்ளி ஆனது. கிழங்கு என்றாலே வள்ளி என்ற அளவுக்கு அந்தச் சொல் ஊறிப்போயிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். கபிலர் பாடிய வள்ளி இவை வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இருந்த காட்டுக்கிழங்கு. தாவரவியலில் டயோஸ்கோரியா என்று சொல்லும் இனத்தைச் சேர்ந்தது. சிறுவள்ளியும், ஊதா நிறமாக இருக்கும் இராசவள்ளியும் அதே குடும்பம். இராசவள்ளியை யாழ்ப்பாணத்தில் இன்றும் விரும்பிச் சமைக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பளியர், காடர் போன்ற பழங்குடி மக்களுக்குக் காட்டுக்கிழங்கு இன்றைக்கும் தெரிந்த உணவு.

இந்தச் செடிக்கு ஒரு குணம் உண்டு, பெயர் வைக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. மழை பெய்ததும் கிழங்கிலிருந்து தளிர் கிளம்பி, பக்கத்தில் இருக்கும் மரத்தைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும். வெயில் காலம் வந்தால் கொடி முழுவதும் வாடிக் காய்ந்து உதிர்ந்துவிடும். மேலே பார்த்தால் செடி இருந்த சுவடே தெரியாது. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். அடுத்த மழையில் மறுபடி தளிர். தோண்டுகிறவர்கள் கிழங்கின் தலைப்பகுதியை மண்ணிலேயே விட்டு மூடினால் அதுவும் முளைத்துவிடும். தொல்காப்பியப் புறத்திணையியலில் 'வாடா வள்ளி' என்று ஒரு தொடர் வருகிறது. உரைகாரர்கள் அதை வள்ளிக்கூத்து என்று விளக்குகிறார்கள். வாடுகிற வள்ளி கொடி, வாடாத வள்ளி கூத்து. வள்ளி என்றால் வாடும் கொடி என்று கேட்கிறவர்களுக்கு முதலில் தோன்றும் என்பதால்தான் வேறுபடுத்திக் காட்ட 'வாடா' என்ற அடை தேவைப்பட்டது.

சரி, சொல்லின் வேருக்கு வருவோம். 'வள்' என்ற அடிக்கு வளைதல், சுற்றுதல் என்ற கருத்து உண்டு. வளை, வளையம், வளையல், வளைவு எல்லாம் அந்த உறவு. மரத்தைச் சுற்றி வளைந்து ஏறுவதால் கொடி வள்ளி ஆயிற்று. பழைய நிகண்டுகளில் கைவளைக்கும் வள்ளி என்ற பெயர் இருப்பது இதோடு ஒத்துப்போகிறது. மலையாளத்தில் இன்றும் கொடிக்கு அன்றாடச் சொல் வள்ளிதான். கன்னடத்தில் பள்ளி என்று மாறும் (முதல் எழுத்தைப் 'பந்து' என்பதில் வரும் ஒலியாக இல்லாமல் 'கம்பம்' என்பதில் வரும் ஒலியாகச் சொல்ல வேண்டும்). தமிழில் வகரத்தில் தொடங்கும் பழஞ்சொற்கள் கன்னடத்தில் இப்படி மாறுவது வழக்கமான விதி: வேர் அங்கே பேரு, வில் அங்கே பில்லு. அக்கம்பக்கத்து மொழிகளில் ஒழுங்கான ஒலிமாற்றத்தோடு, ளகரமும் கெடாமல், மக்கள் பேச்சில் வாழும் ஒரு சொல்லை இரவல் என்று தள்ளிவிட முடியாது.

வடமொழியிலும் 'வல்லீ' என்று கொடிக்குப் பெயர் இருக்கிறது, அது உண்மை. உறவினர் சொன்னது அதை வைத்துத்தான். எது எதற்குக் கொடுத்தது என்று அறிஞர்கள் பல காலமாகப் பேசி வருகிறார்கள். தெற்கிலிருந்து வடக்கே போன சொல் என்று கருதுகிறவர்களும் உண்டு. எனக்கு அந்த வழக்கைவிட வலுவாகத் தோன்றுவது வேறு ஒன்று. முருகனின் மனைவியாக வடமொழியின் பழைய நூல்கள் அறிந்தவள் தேவசேனை (நாம் தெய்வயானை என்பவள்) மட்டும்தான். மகாபாரதத்தின் வன பருவத்தில் கந்தன் மணப்பது தேவசேனையை. வள்ளி அங்கே இல்லை. அவளை நாம் முதலில் பார்ப்பது சங்கப் பாட்டில்.

நற்றிணை 82. அம்மூவனார் பாடியது. தலைவன் தலைவியைக் 'கொடிச்சி', அதாவது மலைநாட்டுப் பெண்ணே, என்று கூப்பிட்டுப் பேசுகிறான். 'முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல' நின் உருவம் என் கண்ணைக் கூசச் செய்கிறது, என்னால் பார்க்க முடியவில்லை என்கிறான். முருகனோடு சேர்ந்து நடந்து வந்த வள்ளி எப்படி இருந்திருப்பாளோ அப்படி இருக்கிறாய் என்று பொருள். இந்த வரியில் வள்ளி யார், எந்த ஊர், எப்படிக் கல்யாணம் ஆயிற்று என்று ஒரு விளக்கமும் இல்லை. கேட்கிறவர்களுக்குத் தெரியும் என்று புலவர் எடுத்துக்கொள்கிறார். அந்தப் பாட்டு எழுதப்படும்போதே வள்ளி கதை பழையது. ஒரு காதலன் தன் காதலியைப் புகழ நாட்டிலேயே அழகான ஒப்பீட்டைத் தேடும்போது அவன் வாயில் வந்த பெயர் இது.

ஐங்குறுநூற்றில் கபிலர் இன்னொரு விதமாக இந்தச் சொல்லைக் கையாள்கிறார். பெண் மெலிந்து போயிருக்கிறாள். முருகனுக்குப் பூசை செய்யும் வேலன், குறி பார்க்கும் காய்களான கழங்கைப் போட்டுப் பார்த்து இது முருகன் பிடித்த நோய் என்கிறான். தோழிக்கு உண்மை தெரியும். அவள் கழங்கை நோக்கியே சொல்கிறாள்: இவளை வருத்தியவன் முருகன் அல்லன், 'மலர்ந்த வள்ளியங் கானம் கிழவோன்', வள்ளி பூத்த காட்டுக்கு உரியவன். முருகன் இல்லை என்று மறுக்கும் அதே மூச்சில் வள்ளியை இழுத்துக் காதலனைச் சுட்டிவிடுகிறாள். செடிப் பெயரும் தேவியின் பெயரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் இந்த இடத்தை நான் படிக்கும்போதெல்லாம் வியந்துபோகிறேன்.

திருமுருகாற்றுப்படையில் ஆறு முகங்களின் வேலையும் வரிசையாக வரும். ஒரு முகம் உலகுக்கு ஒளி தருகிறது, இன்னொன்று அன்பர்க்கு வரம் தருகிறது, இப்படிப் போய் ஆறாவது முகத்துக்கு வேலை என்ன தெரியுமா? 'குறவர் மடமகள், கொடிபோல் நுசுப்பின் மடவரல் வள்ளியொடு நகை அமர்ந்தன்றே.' வள்ளியோடு சிரித்திருப்பது. உலகைக் காக்கும் வேலைகளுக்குச் சமமாக அந்தச் சிரிப்பும் எண்ணப்பட்டிருக்கிறது.

பரிபாடலின் ஒன்பதாம் பாட்டு இதைவிடத் துணிச்சலானது. முருகன் குறமகளை மணந்த நாளில் இந்திரன் மகள் தேவசேனை விட்ட கண்ணீர், வேனிற் காலத்திலேயே பரங்குன்றத்தில் மழையாகப் பொழிந்ததாம். அதன்பின் இரண்டு பக்கத்துப் பெண்களும் மோதிக்கொள்கிறார்கள். அந்தப் பாட்டில் புலவர் களவு மணத்தின் பக்கம் சாய்ந்து பேசுகிறார். மனம் ஒத்த இருவர் தாமாகச் சேர்வதுதான் காமத்தில் சிறந்தது என்கிறார். தமிழின் பொருளிலக்கணத்தை ஆராயாதவர்கள் இந்தக் குன்றத்தின் பயனைக் கொள்ளமாட்டார்கள் என்றும் சொல்கிறார். அதே பாட்டில் வள்ளி 'மான்மறி' என்று சுட்டப்படுகிறாள். மான் வயிற்றில் பிறந்தவள் என்ற கதை அப்போதே வழங்கியது என்று இதிலிருந்து தெரிகிறது.

சிலப்பதிகாரத்தின் குன்றக்குரவையை மட்டும் விட்டுவிட மனமில்லை. மலைப்பெண்கள் கூடிக் குரவை ஆடிப் பாடுகிறார்கள். களவில் பழகும் காதலர்கள் ஊரறிய மணம் முடிக்க வேண்டும் என்பது அவர்கள் வேண்டுதல். முருகனையும் குறமகளையும் சேர்த்துத் தொழுதுவிட்டுச் சொல்கிறார்கள்: 'குறமகள் அவள் எம குலமகள்.' அவள் எங்கள் வீட்டுப் பெண். கடவுளை வேண்டும்போது உரிமையோடு பேச அவர்களுக்கு அது போதும். அவர்களைப் போலவே தினைப்புனம் காத்தவள், அவர்களைப் போலவே காதலித்தவள், அவர்கள் கவலை அவளுக்குப் புரியும்.

பெயர் வந்த கதையை முழுதாகச் சொல்வது கச்சியப்ப சிவாசாரியார் பாடிய கந்தபுராணம். அதன் கடைசிப் பகுதியே வள்ளியம்மை திருமணப் படலம். திருமாலின் மகள்கள் அமுதவல்லி, சுந்தரவல்லி இருவரும் முருகனை மணக்கத் தவம் செய்கிறார்கள். அமுதவல்லி இந்திரனிடம் வளர்ந்து தெய்வயானை ஆகிறாள். சுந்தரவல்லி மானின் வயிற்றில் பிறக்கிறாள். குறப்பெண்கள் வள்ளிக்கிழங்கு தோண்டி எடுத்த குழி ஒன்று இருக்கிறது. மான் அதில் குட்டியை ஈனுகிறது. பிறந்தது மனிதக் குழந்தையாக இருப்பதைக் கண்டு மருண்டு விலகிப்போகிறது. மகள் இல்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்த வேடர் தலைவன் நம்பி அழுகுரல் கேட்டு வந்து எடுத்துக்கொள்கிறான். வள்ளிக்குழியில் கிடைத்தவள், அதனால் வள்ளி.

திருமால் மகள் என்ற முன்பிறவிக் கதை பின்னால் வந்து சேர்ந்த அடுக்கு என்று நான் கருதுகிறேன். குறமகளைப் பெரிய குடும்பத்தோடு இணைக்க அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் புராணம் பாடியவரும் அந்தக் குழியை மறைக்கவில்லை. கிழங்கு எடுத்த குழி காலியாகக் கிடக்கிறது, அதில் ஒரு குழந்தை. மலை தன் மக்களுக்குக் கிழங்கைத் தந்த அதே இடத்திலிருந்து மகளையும் தருகிறது. பெயர் காரணத்தை இவ்வளவு தெளிவாகக் கதைக்குள்ளேயே வைத்திருக்கும் பெண்தெய்வம் தமிழில் அரிது.

அந்த மலை எது என்று பல ஊர்கள் உரிமை கொண்டாடுகின்றன. வேலூர் மாவட்டத்தில் மேல்பாடிக்குப் பக்கத்தில் உள்ள வள்ளிமலை அதிகம் அறியப்பட்டது. அங்கிருந்து தொலைவில்லாத திருத்தணியில்தான் திருமணம் என்பது அந்தப் பக்கத்து வழக்கு. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே வேளிமலைக் குமாரகோவிலில் முருகன் வள்ளியோடு மட்டும் இருக்கிறான். பங்குனித் திருக்கல்யாணத்தின்போது பெண்ணை மீட்க வரும் குறவர்கள் முருகனோடு மோதும் 'குறவர் படுகளம்' அங்கே இன்றும் நிகழ்த்தப்படுகிறது. திருச்செந்தூரில் கடற்கரையை ஒட்டி வள்ளி குகை இருக்கிறது. கடல் தாண்டினால் இலங்கையின் கதிர்காமம். அங்கே வேடர் எனப்படும் பழங்குடி மக்கள் வள்ளியைத் தங்கள் குலத்துப் பெண்ணாகவே எண்ணுகிறார்கள். ஆடித் திருவிழாவில் ஒவ்வோர் இரவும் ஊர்வலம் முருகன் கோவிலிலிருந்து கிளம்பி வள்ளியம்மன் கோவிலுக்குத்தான் போகிறது. அவன் அவளைத் தேடிப் போகிறான் என்பதே அந்த விழாவின் கருத்து. இத்தனை மலைகள் அவளைத் தம் மகள் என்பதைப் பொய் மெய் என்று பிரித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. வள்ளிக்கொடி எந்தெந்த மலையில் படர்ந்ததோ அந்தந்த மலை அவளைத் தன் வீட்டுப் பெண் என்கிறது.

சமய விளக்கம் ஒன்றும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முருகனின் கையிலுள்ள வேல் ஞான சக்தி, தெய்வயானை கிரியா சக்தி, வள்ளி இச்சா சக்தி என்பார்கள். இச்சை என்றால் விருப்பம். இறைவனை விரும்பும் உயிரும் அவள்தான், அந்த உயிரைத் தேடி வரும் இறைவனின் விருப்பமும் அவள்தான் என்று இரண்டு பக்கமும் பேசுவார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் இதைப் பாடிய விதம் கேட்க இனிக்கும். 'பணியா எனவள்ளி பதம்பணியும் தணியா அதிமோக தயாபரனே' என்பது கந்தரனுபூதி. இட்ட வேலை என்ன என்று கேட்டு வள்ளியின் காலைப் பணிகிறானாம் முருகன். தொல்காப்பியத்தில் 'கொடிநிலை கந்தழி வள்ளி' என்று ஒரு மூன்று வரும். அங்கே வள்ளி என்பதற்கு நச்சினார்க்கினியர் திங்கள் என்று பொருள் கொள்கிறார். அதனால் சிலர் பெயருக்கு 'நிலா' என்றும் பொருள் எழுதுகிறார்கள். அது ஓர் உரைகாரர் ஒரு நூற்பாவுக்குச் சொன்ன விளக்கம். பெயருக்கான பொருளாக அதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். வள்ளல் என்ற சொல்லோடு முடிச்சுப் போட்டு 'வாரி வழங்குபவள்' என்று சொல்வதும் உண்டு. ஆசைக்குச் சொல்லலாம், பழைய நூல்களில் குறமகளின் பெயருக்கு யாரும் அப்படிக் காரணம் சொல்லவில்லை.

மக்கள் வாழ்க்கையில் இந்தப் பெயர் எப்படி நின்றது என்பது எனக்குக் கோவில் கதையைவிடப் பிடித்த பகுதி. சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) எழுதிய வள்ளி திருமணம் நாடகம் தென் மாவட்டத்துத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கிறது. அதில் கூட்டம் காத்திருப்பது வள்ளியின் தர்க்கத்துக்காக. புனத்துக்கு வரும் நாரதரோடும், பிறகு முருகனோடும் அவள் வார்த்தைக்கு வார்த்தை மோதுவாள். அந்தப் பாத்திரம் ஏற்கும் நடிகைக்குப் பாட்டு மட்டும் வந்தால் போதாது, நின்ற இடத்தில் பதில் சொல்லும் புத்தி வேண்டும். மேடையில் மக்கள் பார்த்துப் பழகிய வள்ளி வாயுள்ள பெண். கொங்கு நாட்டில் அவள் கதையைப் பாடி ஆடுவதற்கு வள்ளிக் கும்மி என்றே பெயர். அந்தக் கும்மியைப் பல காலம் சொல்லிக்கொடுத்த, பெண்களையும் அதற்குள் அழைத்து வந்த கோவையைச் சேர்ந்த பத்ரப்பன் 2024ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அப்புறம், தில்லையாடி வள்ளியம்மை. 1898இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். பெற்றோரின் வேர் தரங்கம்பாடிக்குப் பக்கத்துத் தில்லையாடி. 1913இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்ற நிலைமையைக் கொண்டுவந்தது. இந்தியப் பெண்கள் பலர் ஒரே நாளில் மனைவி என்ற உரிமையை இழந்தார்கள். காந்தி தொடங்கிய சத்தியாகிரகத்தில் பெண்கள் இறங்கியதற்கு அது முக்கியமான காரணம். வள்ளியம்மை சிறைக்குப் போனார். நோயோடு வெளியே வந்தார். 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார், வயது 16. சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று காந்தி கேட்டபோது, மறுபடியும் போகத் தயார் என்று சொன்னதாகக் காந்தியே எழுதியிருக்கிறார். யாருடைய அனுமதியும் கேட்காமல் தன் மணத்தைத் தானே முடிவு செய்த குறமகளின் பெயரைத் தாங்கிய சிறுமி, எங்கள் தாய்மார்களின் மணம் செல்லும் என்று நிலைநாட்டச் சிறை சென்றாள். பெற்றோர் அதை நினைத்துப் பெயர் வைத்திருக்க வழியில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போது எனக்கு இருவரும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறார்கள்.

ஆண்களும் இந்தப் பெயரைத் தாங்கியிருக்கிறார்கள். வள்ளியப்பன், வள்ளிநாயகம், வள்ளிமுத்து, வள்ளிமணாளன். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவைத் தெரியாத தமிழ்ப் பிள்ளைகள் ஒரு காலத்தில் இல்லை. கணவனை மனைவி பெயரால் அடையாளம் காட்டும் பழக்கம் இது. முருகனுக்கு அது இயல்பாக அமைந்துவிட்டது.

'பாட்டி பெயர்' என்ற தயக்கத்துக்கு வருகிறேன். பாட்டிகளிடம் இருந்தது பெரும்பாலும் வள்ளியம்மை, வள்ளியம்மாள், வள்ளிக்கண்ணு, வள்ளிநாயகி. பின்னால் வரும் சொல்தான் அந்தக் காலத்து வாசனையைக் கொடுக்கிறது. வள்ளி என்று தனியாக நிற்கும்போது இரண்டே அசை, மூன்றெழுத்து, எந்தத் தலைமுறைக்கும் பொருந்தும். கூப்பிடவும் சுருக்க வேண்டியதில்லை. வீட்டில் எப்படியும் வள்ளிம்மா, வள்ளிக்குட்டி என்று நீளும், சுருங்காது. நீளமான பெயர்தான் வேண்டும் என்றால் வள்ளிமயில், வள்ளிக்கொடி போன்றவை நன்றாக இருக்கும். ஸ்ரீவள்ளியும் பலருக்குப் பிடித்திருக்கிறது. என்னைக் கேட்டால் தனிச்சொல்லுக்குத்தான் என் வாக்கு. முன்னும் பின்னும் எதைச் சேர்த்தாலும் அது கோவில் பெயராகவோ ஏட்டுப் பெயராகவோ சாய்ந்துவிடுகிறது. தனி வள்ளிக்கு மட்டும்தான் செடியின் பச்சை குறையாமல் இருக்கிறது.

வல்லி என்று முடியும் பெயர்களோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். குமுதவல்லி திருமங்கையாழ்வாரின் மனைவி. கோமளவல்லி கும்பகோணம் சாரங்கபாணி கோவில் தாயார். கனகவல்லி திருவள்ளூர்த் தாயார். இவையெல்லாம் வடமொழி 'வல்லீ' வழியாக வந்த நல்ல பெயர்கள். அவற்றில் வல்லி என்பது ஒட்டு, முன்னால் ஒரு சொல் இருந்தால்தான் பொருள் நிறையும். வள்ளி அப்படியில்லை, தானே முழுப்பெயர்.

ஆங்கிலத்தில் எழுதும்போது லகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும். அதைத் தவிர்க்க வழியில்லை, எண் கணிதக்காரர் சொன்னார் என்று நடுவில் எழுத்துகளைக் கூட்டியும் சரிசெய்ய முடியாது. வழக்கமான எழுத்துக்கூட்டலையே வைத்துக்கொள்ளுங்கள், பிற்காலத்தில் பாஸ்போர்ட்டிலும் சான்றிதழ்களிலும் ஒன்றுபோல் இருக்கும். கவனிக்க வேண்டியது தமிழ் எழுத்தைத்தான். பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரை 12 மாதத்துக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை, அதற்குமேல் தாமதக் கட்டணம் உண்டு. விண்ணப்பத்தில் தமிழிலும் தெளிவாக எழுதிக் கொடுங்கள். ஆங்கிலத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறவர் 'வல்லி' என்று அடித்துவிடுவது எளிதில் நடக்கக்கூடியது. சான்றிதழை வாங்கிய இடத்திலேயே படித்துப் பார்த்து, ளகரம் இல்லையென்றால் அப்போதே திருத்தித் தரச் சொல்லுங்கள்.